நாம் பேசிய ஊர்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

என் கையெழுத்தைப் பார்த்ததுமே உறையைக் கிழிக்காமல் எங்காவது போட்டிருப்பாய். பரவாயில்லை, கோபம் ஆறியதும் எடுத்துப் படி. என் போன் நம்பரை நீ தடுத்து வைத்து நாலு வருஷம் ஆகிறது. வீட்டு விலாசத்தைத் தடுத்து வைக்க வழியில்லை அல்லவா, அதனால்தான் தபால்.

விஷயம் இதுதான். நாம் குரல் கொடுத்த கார்ட்டூன் தொடரில் வரும் ஊர் நிஜமாகவே இருக்கிறதாம். வரைந்தவர்கள் கற்பனையில் வரையவில்லை. ஜப்பானில் ஒரு மலைச்சரிவில் இருக்கும் சின்னத் துறைமுக ஊரை வீதி வீதியாகப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள். தொடரின் காட்சியையும் அதே இடத்தில் எடுத்த புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரசிகர்கள் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். கதையில் வரும் அக்காவின் முடிவெட்டும் கடை, தம்பி செய்தித்தாள் மூட்டையோடு ஓடி ஏறும் கல் படிக்கட்டு, ரயில் கேட், படகுத்துறை, எல்லாம் அச்சு அசல். மின்கம்பத்து ஒயர் தொங்குகிற தொங்கல்கூட மாறவில்லை.

ஜன்னலே இல்லாத அந்த டப்பிங் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நீயும் நானும் மூன்று வருஷம் அந்த ஊரில்தானே குடியிருந்தோம்? அப்பா அம்மா இல்லாத அந்தப் பிள்ளைகளில் நீ அக்காவாகப் பேசினாய். ஒரு பொம்பளை நான், பத்து வயதுப் பையனாகப் பேசினேன். மைக் முன்னால் வந்த 'அக்கா', 'தம்பி', 'நீ', 'போடா' எல்லாம் வெளியிலும் ஒட்டிக்கொண்டது. நிறைமாதமாக நான் நடக்க முடியாமல் நடந்தபோது கடைத்தெருவில் "டேய் தம்பி, மெதுவாப் போடா"ன்னு நீ கத்தியதில் தெருவே நின்று பார்த்தது.

அக்டோபரில் அங்கே போகலாம் என்றிருக்கிறேன். ரயிலை விட்டு இறங்கி, படிக்கட்டு ஏறி, நேரே கடைக்குப் போய், மதியம் படகுத்துறை. தனியாகப் போக மனம் வரவில்லை. அந்த ஊரில் பாதி உன்னுடையது.

தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

வரமாட்டேன்.

இதற்கு ஒரு அஞ்சலட்டை போதும். ஆனால் நீ ஒன்றுமே நடக்காததுபோல எழுதியிருப்பதால் சிலவற்றை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

கடைசி எபிசோடு சமயத்தில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. கொஞ்ச நாள் பொறுங்கள் என்று டப்பிங் இயக்குநரிடம் கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார். பார்த்தார். நீ நின்றுகொண்டிருந்தாய். என் குரல் மாதிரியே அக்காவின் வசனத்தையும் நீயே பேசி முடித்துக் கொடுத்தாய். அது ஒளிபரப்பான அன்று என் கூடப்பிறந்த தங்கை போன் செய்து, "கடைசியில அழ வெச்சுட்டியே"ன்னு மூக்கை உறிஞ்சினாள். நான் பேசாத வசனத்துக்கு எனக்குப் பாராட்டு. ஒரே வயிற்றில் பிறந்தவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் பிறகு நான் எதற்கு? ஸ்டுடியோவுக்கும் அதே கணக்குத்தான் போலிருக்கிறது. அப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை.

இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். பிரேமைச் சூடு காட்டி வளைத்து, காதுக்குப் பின்னால் உறுத்தாமல் உட்கார வைக்கும் வேலை. "இப்போ சரியா இருக்கா?" என்பதைத் தவிர வசனம் கிடையாது. பழகிவிட்டது.

உன் பயணம் நல்லபடியாக அமையட்டும்.

அக்கா

பி.கு.: படிக்கட்டில் நேரே ஏறினால் கடை வராது. பாதியில் தபால் பெட்டி இருக்கும், அங்கே வலப்பக்கச் சந்தில் திரும்ப வேண்டும். நீ எழுதியிருக்கும் வழியில் போனால் கல்லறைத் தோட்டத்தில் போய் நிற்பாய். எத்தனை தடவை ஓடியிருக்கிறாய், இதுகூடவா மறந்துபோகும்?


மார்ச் 4

அன்புள்ள அக்கா,

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வழியும் சொல்ல உன்னால்தான் முடியும். கல்லறைக்குப் போக இருந்தவளைக் காப்பாற்றினாய், புண்ணியமாகப் போகும்.

நீ குற்றம் சொன்னதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அது நடுவில் கல் மாதிரி கிடக்கும். அன்று ஸ்டுடியோவில் வேறொரு பெண் வந்து வெளியே உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண்தான், நல்ல குரல்தான். அவள் பேசினால் கடைசி எபிசோடில் வீட்டுக்குள் யாரோ விருந்தாளி வந்து பேசுவதுபோல இருக்கும் என்று பட்டது. "அக்கா எப்படிப் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும் சார், நானே பேசறேன்" என்றேன். அதற்கு முன்னால் உனக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அது உனக்கும் தெரியும். இன்னொரு தடவை செய்திருக்கலாம் என்பது எனக்கும் தெரியும்.

நீ இன்னும் அந்த எபிசோடைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கடிதத்தை இப்படி எழுதியிருக்க மாட்டாய். இதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை, நீயே பார்.

இனி பயணம். பெரிய ஊரில் இறங்கி இரண்டு ரயில் மாற வேண்டும். கடைசி ரயில் ஒற்றைப் பெட்டி, டிரைவரே டிக்கெட் வாங்கிக்கொள்வாராம். குளிர் வந்துவிட்டால் படகுகளைக் குறைத்துவிடுகிறார்கள், அதனால்தான் அக்டோபர். படிக்கட்டுக்கு அடியிலேயே ஒரு விடுதி பார்த்து வைத்திருக்கிறேன். தரையில்தான் மெத்தை விரிப்பார்களாம். உன் முழங்கால் இப்போது எப்படி? படுத்தால் எழுந்துகொள்வாயா, இல்லை உன்னைத் தூக்கி நிறுத்த ஆள் தேட வேண்டுமா?

என் பிழைப்பு போகிறது. கம்பெனிகளின் போன் லைனில் வரும் அறிவிப்புகளுக்குப் பேசுகிறேன். "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" சொல்வது நான்தான். உணர்ச்சி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஒருநாள் லேசாகச் சிரித்துப் பேசியதற்கு மறுபடி எடுத்தார்கள்.

வா, அக்கா.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீயே சொல்ல வைத்துவிட்டாய்.

போன வாரம் தொண்டை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும்" என்றாய். வைத்துவிடலாம் என்று பார்த்தேன், டாக்டரைப் பார்த்தாக வேண்டும். காத்திருந்தேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னாய். 'மிகவும்' என்னும் இடத்தில் உனக்கு ஒரு சின்ன இழுப்பு வருகிறது. பொய் சொல்லும்போது எப்போதும் வருவது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இருமல் வருகிறது. இருமல் முடிவதற்குள் அந்தப் பக்கம் ஆள் வந்துவிட்டார். நாலு வருஷத்தில் நாம் பேசியது அதுதான். நீ பேசினாய், நான் காத்திருந்தேன்.

குரல்நாணில் முடிச்சு மாதிரி ஒன்று வளர்ந்திருக்கிறது. புற்று இல்லை, சோதனை செய்தாயிற்று. உடனே ஓடி வராதே. அடுத்த மாதம் ஆபரேஷன். முடிந்தபின் கொஞ்ச நாள் வாயே திறக்கக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. "குரல் முன்ன மாதிரி இருக்குமா?"ன்னு கேட்டேன். "குரல் இருக்கும்மா" என்றார் டாக்டர். 'முன்ன மாதிரி'யை அவர் தொடவே இல்லை.

டப்பிங் போய் நாலு வருஷம் ஆயிற்று, இனி குரல் எப்படி இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். குளிக்கும்போது பழைய வசனங்களைச் சொல்லிப் பார்க்கிறேன். மேலே போகும் இடங்களில் குரல் உடைகிறது. அந்த அக்கா பேசியதெல்லாம் மேலேதான்.

இந்த நிலைமையில் ஜப்பானுக்கு வந்து நான் என்ன செய்ய? அந்தக் கடை முன்னால் நின்று எதை நினைத்துக்கொள்ள? வேறு யாரையாவது கூட்டிப் போ.

அக்கா


மார்ச் 28

அக்கா,

பயப்படாதே என்று நீ எழுதாமல் விட்டதில் இருந்தே நீ பயந்துபோயிருப்பது தெரிகிறது. நானும் பயந்துபோய்த்தான் இருக்கிறேன். ஆபரேஷன் அன்று வரட்டுமா? ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒன்றை யோசித்துப் பார். நம் இரண்டு பேருக்கும் ஜப்பானிய மொழியில் ஒரு எழுத்து தெரியாது. அவர்கள் வாயசைவுக்கு வருஷக்கணக்கில் பேசினோம், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒருநாளாவது புரிந்ததா? அங்கே போனால் கையைக் காட்டி, தலையை ஆட்டித்தான் பிழைக்க வேண்டும். உன் குரல் தேனாக இருந்தாலும் தகரமாக இருந்தாலும் அந்த ஊரில் நீயும் நானும் ஊமைகள்தான். குரல் சரியில்லாதவள் போவதற்கு அதைவிடத் தோதான ஊர் உலகத்திலேயே கிடையாது.

டிக்கெட் எடுத்துவிட்டேன். இரண்டு பேருக்கும். திட்டுவதானால் எழுதித் திட்டு, வாய்க்கு ஓய்வு கொடு.

தம்பி


மே 12

தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. நீயும் வார்டுக்குள் வரவில்லை. ஆனால் ஆபரேஷன் நடந்த அன்று முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் விழித்துவிட்டேன் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டாயாம். தங்கை சொன்னாள். "யாரோ ஒரு அம்மா, பேசாம உக்காந்திருந்தாங்க, காபி குடுத்தாக்கூட வேணாம்னுட்டாங்க" என்றாள். நீ பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கத்தான் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

வாய் திறக்கக் கூடாத நாட்களில் பொழுது போகவில்லை. ஒரு மத்தியானம் அந்தக் கடைசி எபிசோடைப் போட்டேன். உன்மேல் கோபப்படுவதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்தேன். நீ மோசமாகப் பேசியிருந்தால் நையாண்டி செய்யலாம். நன்றாகப் பேசியிருந்தால் திருடி என்று சொல்லலாம். இரண்டுக்கும் மனதில் வசனம் ரெடி.

நன்றாகத்தான் பேசியிருக்கிறாய். கத்தரிக்கோலைக் கீழே வைக்கும்போது நான் விடும் அந்தச் சின்னப் பெருமூச்சைக்கூடத் தவறவிடவில்லை நீ. எனக்கு வயிறு எரிந்தது. அப்படியே கடைசி சீன் வரை எரிந்துகொண்டிருந்தேன்.

தம்பி படிக்கப் போகிறான். படகு கிளம்பிவிட்டது. அக்கா ஓடி வந்து படகுத்துறையின் முனையில் நிற்கிறாள். அவள் முதுகுதான் தெரியும். அங்கே "போயிட்டு வா!" என்று அவள் கத்த வேண்டும். அந்த வசனத்தாள் எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. தொண்டை கட்டியிருந்தும் வீட்டில் சொல்லிப் பார்த்திருந்தேன். நான் காத்துக்கொண்டிருந்தேன், வசனம் வரவில்லை. அலைச் சத்தம், படகின் சங்கு, அவ்வளவுதான். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவள் தோள் குலுங்குகிறது, கை வாய்க்குப் போகிறது. கத்துகிறாள். நம் மொழியில் மட்டும் அவளுக்குக் குரல் இல்லை.

நீதானே அதை விட்டாய்? இயக்குநர் சும்மா விட்டிருக்க மாட்டார். என்ன சொல்லிச் சமாளித்தாய்? மற்ற எல்லாவற்றையும் பேசிவிட்டு அந்த ஒன்றை மட்டும் எனக்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நாலு வருஷமாக நான் வந்து எடுத்துக்கொள்ளவில்லை.

குரல் வந்துவிட்டது. என்னுடையது மாதிரி இல்லை. எண்ணெய் போடாத கதவு திறப்பதுபோல இருக்கிறது. போன் செய்து கேட்டுவிடாதே. இன்னும் கொஞ்ச நாள் கடிதமே போதும்.

அக்டோபரில் வருகிறேன். முழங்காலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். வழியை மட்டும் என்னிடம் விட்டுவிடு.

அக்கா


செப்டம்பர் 29

அக்கா,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நேற்று மாடிப்படியில் துணி வாளியோடு இறங்கும்போது கால் மடங்கி விழுந்துவிட்டேன். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். "இந்தக் காலோட பிளேனா? அதுவும் படிக்கட்டு ஏறவா?"ன்னு டாக்டர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "ஜப்பான் எங்கயும் ஓடிப்போயிடாது"ன்னு தேற்றினார். அவரை முறைத்தேன்.

நீ என்ன எழுதுவாய் என்று தெரியும். "நீ இல்லாமல் நான் எதற்கு, ரத்து செய்" என்பாய். செய்ய மாட்டேன். இத்தனை மாதமாக எந்த ரயிலில் எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் கடல் தெரியும் என்பதுவரை நாம் எழுதி எழுதிப் பார்த்திருக்கிறோம். இரண்டு பேரும் போகாமல் இருந்தால் அது வெறும் காகிதமாகிவிடும். ஒருத்தியாவது போய்ப் பார்க்க வேண்டும். நீ போய்ப் பார்த்து எனக்கு எழுது. கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, நீ எழுதுவதற்காகத்தான் காத்திருப்பேன்.

அந்தக் கடைசி சீனைப் பற்றி மே மாதமே கேட்டாய், நான்தான் நழுவிக்கொண்டே இருந்தேன். "சார், அவ முதுகுதானே தெரியுது. இங்க பேச்சு இல்லன்னா இன்னும் நல்லா இருக்கும்"னு இயக்குநரிடம் சொன்னேன். அது பொய். வாயைத் திறந்தேன், வரவில்லை. மற்றதெல்லாம் உன்னைப்போல் பேச வந்தது. அதை மட்டும் உன்னைப்போல் பேச எனக்குத் தெரியவில்லை. பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதே.

போயிட்டு வா, அக்கா.

தம்பி


அக்டோபர் 14

அன்புள்ள தம்பி,

உன்னைத் திட்டிக்கொண்டேதான் விமானம் ஏறினேன். இரண்டாவது ரயிலில் தப்பான பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன், ஒரு பள்ளிக்கூடப் பெண் கையைப் பிடித்து மாற்றி உட்கார வைத்தாள். கடைசி ரயிலில் இடப்பக்க ஜன்னல்தான், நீ சொன்னது சரி. சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் கடல். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதில் என் பையை வைத்தேன், பிறகு என்னவோபோல் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

முதலில் படிக்கட்டு. கேட்டுக்கொள், நீ அதில் விட்ட மூச்சு போதாது! பாதியிலேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. திரையில் பார்த்ததைவிட இரண்டு மடங்கு செங்குத்து. உன்னுடைய முதல் டேக்கில் நீ நாய் மாதிரி இளைத்தபோது "மூச்சக் குறைம்மா, ஓவரா இருக்கு"ன்னு இயக்குநர் திட்டினாரே, அந்த டேக்தான் சரி. செய்தித்தாள் மூட்டையோடு இதில் தினமும் ஏறும் ஒரு பிள்ளை அப்படித்தான் இளைப்பான். தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பையன்மேல் எனக்கு இவ்வளவு பாசம் வந்ததே இல்லை.

சந்தில் திரும்பினேன். கடை இருந்தது. வாசலில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட அந்த முடிவெட்டும் கடைக் கம்பம் சுற்றிக்கொண்டிருந்தது. ரசிகர்கள் நிறைய வருவார்கள் போலிருக்கிறது, சுவரெல்லாம் புகைப்படம். கடைக்காரி என் வயதிருப்பாள், குட்டையான பெண். உட்காரச் சொன்னாள். முடியின் நுனியை மட்டும் வெட்டு என்று விரலால் காட்டினேன். வெட்டிக்கொண்டே சுவரில் இருந்த அக்கா படத்தைக் காட்டி என்னிடம் என்னவோ கேட்டாள். பார்க்க வந்தாயா என்று கேட்டிருப்பாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அப்புறம் என்னைத் தொட்டு, தொண்டையைத் தொட்டு, படத்தைக் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்குத் தொண்டை வலி என்று நினைத்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள்.

முடி வெட்டி முடிந்தது. மேலே போர்த்தியிருந்த துணியை அவள் எடுத்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து அதை அவள் கையிலிருந்து வாங்கினேன். அந்த அக்கா ஒவ்வொரு எபிசோடும் தொடங்கும்போது உதறுவாளே, அதேபோல ஒரு உதறு உதறி, "அடுத்தது யாரு? வாங்க, உக்காருங்க!" என்றேன்.

என் கரகர குரலில்தான். மேலே போக வேண்டிய 'வாங்க' மேலே போகவில்லை, பாதியில் கீறிக்கொண்டு இறங்கியது. அவள் என்னையே பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? பணிவாகத் தலையைக் குனிந்துவிட்டு, நடந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அவளுக்குத் துணியைப் போர்த்திவிட்டேன். கண்ணாடியில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நம் மொழியில் அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. இந்தக் குரலிலும் அந்த அக்காவை அவள் அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள்.

மதியம் படகுத்துறைக்குப் போனேன். முனைவரை நடந்தேன். படகு வந்தது, சிலர் இறங்கினார்கள், சிலர் ஏறினார்கள், போய்விட்டது. நான் கத்துவேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். கத்தவில்லை. எனக்கு வேண்டியவர்கள் யாரும் கிளம்பிப் போகவில்லையே, யாருக்குச் சொல்வது? நீதான் என்னை அனுப்பிவிட்டு வீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். வெறும் கடலைப் பார்த்துக் கத்த எனக்கென்ன பைத்தியமா? வெயில் போகும்வரை கல்லில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். நன்றாக இருந்தது.

தரையில் மெத்தையில் இருந்து எழுந்துகொள்ள முடிகிறது. ஆனால் முதலில் புரண்டு படுத்து, சுவரைப் பிடித்து, கடவுளைக் கூப்பிட வேண்டும்.

அக்கா


நவம்பர் 6

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். கடைக்காரி நாற்காலியில் போய் உட்கார்ந்த இடத்தில் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். முகம் கழுவப் போனாராம். அந்த முதல் டேக்குக்காக ரொம்ப நன்றி. அன்று வாங்கிய திட்டு இன்றுதான் ஜீரணமானது.

அது கிடக்கட்டும். நேற்று சாயங்காலம் ஒரு போன் வந்தது. தெரியாத நம்பர். "என்ன, நடக்க ஆரம்பிச்சாச்சா?" என்று எடுத்த எடுப்பிலேயே ஒரு குரல், கரகரவென்று, ஆம்பளையா பொம்பளையா என்றே தெரியவில்லை. "யாருங்க நீங்க?"ன்னேன். "யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்றது. எவனோ வம்புக்குக் கூப்பிடுகிறான் என்று, "ராங் நம்பர், வையுங்க"ன்னு சத்தம் போட்டு வைத்துவிட்டேன். நாள் முழுக்க அடுத்தவர்களைக் காத்திருக்கச் சொல்லிப் பிழைக்கிறேன், எனக்கு ஒரு நிமிஷம் காத்திருக்கத் தெரியவில்லை.

இப்போது துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் சுரீர் என்றது. 'பார்ப்போம்'மில் அந்த 'போம்'மை அழுத்துவது உலகத்திலேயே ஒரு ஆள்தான். ஊன்றுகோலை எடுக்க மறந்து, மேசையையும் சுவரையும் பிடித்துக்கொண்டு போனுக்குப் போனேன். ஆக, கேட்டதற்குப் பதில்: ஆமாம், நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா, உன் குரலைக் கடைக்காரி கண்டுபிடித்துவிட்டாள், நான் கோட்டை விட்டுவிட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரிதான். அந்த நம்பருக்கு நாலு தடவை கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. புது நம்பரா, கடை நம்பரா? எடுக்கும்வரை விடப் போவதில்லை. அதுவரை கை சும்மா இருக்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது நீயே கூப்பிட்டுவிட்டாய். இவ்வளவு நேரம் பேசியதற்குப் பிறகு இதைத் தபாலில் போடுவது அசட்டுத்தனம்தான், ஆனால் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. போனில் ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஏப்ரலில் படகுகள் மறுபடி முழுசாக ஓடுமாம். கண்ணாடிக் கடையில் விடுமுறை கொடுப்பார்களா? நாளைக்கே கேள். இந்தத் தடவை ஜன்னல் ஓரம் எனக்கு.